கணினி ‘இல்லை’ன்னு சொன்னா, காரணம் கேளுங்க

(ஆம்பூரில் ஷூ நிறுவனப் பெண் தொழிலாளர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், இ-சேவை மைய நடத்துநர்கள், கல்லூரி மாணவ மாணவியர் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் நமது இதழின் உள்ளடக்க எழுத்தாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டிய நேரத்துல இங்க வந்து உட்கார்ந்திருக்கிற அக்காங்களுக்கு முதல் நன்றி. சேவை மையத்தை ஒரு மணி நேரம் மூடிட்டு வந்திருக்கிற அண்ணன்களுக்கும், வகுப்பு முடிஞ்ச கையோட வந்த தம்பி தங்கைகளுக்கும் நன்றி.

அழைப்பிதழ்ல என் தலைப்பு ‘அல்காரிதமும் சமூகமும்’னு போட்டிருக்காங்க. பேரைக் கேட்டதும் சிலர் எழுந்து போயிடலாமான்னு யோசிச்சிருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க. நான் எங்க பெரியப்பாவைப் பத்தித்தான் பேசப் போறேன்.

பெரியப்பாவின் கட்டை விரல்

நான் பேரணாம்பட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்க பெரியப்பா இருபத்தாறு வருஷம் டேனரியில வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியில ஊறின தோலை இழுத்துப் போடுறது, டிரம்முல ஏத்துறது, இறக்குறது, இதுதான் வேலை. உப்பும் சுண்ணாம்பும் ரசாயனமும் பட்டுப் பட்டு அவர் உள்ளங்கை வழவழன்னு ஆகிடுச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சேவை கவுன்டருக்கு அவரைக் கூட்டிட்டுப் போனேன். விரல் ரேகை வைக்கச் சொன்னாங்க. வலது கட்டை விரல் விழலை. இடது விழலை. ஆள்காட்டி விரல், மோதிர விரல், வரிசையா பத்தும் வெச்சுப் பார்த்தாச்சு. துணியில துடைச்சுட்டு வெச்சார். தண்ணி தொட்டு வெச்சார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான். கவுன்டர்ல இருந்த தம்பி நல்ல பையன், கோபமே படலை. “சிஸ்டம் ஏத்துக்கலை ஐயா, நான் என்ன பண்ணட்டும்?”னு கேட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில நின்னு பெரியப்பா என்கிட்ட கேட்டார். “நான்தான் நானுன்னு இன்னும் யார்கிட்டம்மா போய்ச் சொல்லணும்?”

எனக்குப் பதில் தெரியலை. இதழியல் படிச்சுட்டு, மக்களுக்கு அரசுச் சேவைகளை விளக்கி எழுதுறதையே வேலையா வெச்சிருக்கிற எனக்குத் தெரியலை. அன்னிலிருந்து நான் தேடிப் படிச்சதைத்தான் இன்னிக்கு உங்ககூடப் பகிர்ந்துக்கிறேன். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். கணினி ‘இல்லை’ன்னு சொல்லும்போது நிரூபிக்கிற சுமை யார் தலையில? அது சொன்னது சரின்னு அந்த அலுவலகம் காட்டணுமா, தப்புன்னு பெரியப்பா காட்டணுமா?

செலக்ஷன் மேஜையிலும் ஒரு அல்காரிதம்

அல்காரிதம்னா என்ன? ஒரு முடிவுக்கு வர்றதுக்காக முன்கூட்டியே வகுத்து வெச்ச படிகள். அவ்வளவுதான். இந்த வார்த்தையே ஒரு மனுஷரோட பேர்ல இருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுல பாக்தாத்துல இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. அவர் பேர் லத்தீன் மொழிக்குப் போய், தேய்ஞ்சு, மாறி ‘அல்காரிதம்’ ஆச்சு.

உங்களுக்கு இது புதுசு இல்லை. டேனரியில செலக்ஷன் நடக்குறதைப் பார்த்திருப்பீங்க. தோலை வெளிச்சத்துல விரிச்சுப் போடுவாங்க. கீறல் இருக்கா, உண்ணிக் கடிச்ச தழும்பு இருக்கா, எத்தனை அடி நல்ல இடம் தேறும், தடிமன் எவ்வளவு. இந்தக் கேள்விகளை வரிசையா கேட்டு இது முதல் தரம், இது ரெண்டாம் தரம்னு தனித்தனியா அடுக்குவாங்க. அதுவும் ஒரு அல்காரிதம்தான். ஆனா அந்த மேஜையில ஒரு வசதி இருக்கு. ‘ஏன் இதை மூணாவதுல போட்டீங்க?’ன்னு கேட்டா, அவர் தோலைத் திருப்பி, தழும்பு மேல விரலை வெச்சுக் காட்டுவார். “இதோ பாரு.” நீங்க ஒத்துக்கலாம், இல்லைன்னா வாதாடலாம். ரெண்டு பேர் கண்ணுக்கும் முன்னால அந்தத் தோல் கிடக்கு.

கணினி நம்மைத் தரம் பிரிக்கும்போதும் கேள்விகள் இருக்கு, அடுக்குகள் இருக்கு. தழும்பு மேல விரல் வெச்சுக் காட்ட ஆள் இருக்காரான்னுதான் பார்க்கணும்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையா சொல்லணும். மனுஷங்க உட்கார்ந்து முடிவெடுத்த காலம் பொற்காலம் இல்லை. தெரிஞ்சவங்களுக்கு முதல்ல நடக்கும். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்ட பிறகுதான் ஃபைல் நகரும். நம்ம பெரியவங்க எத்தனை சான்றிதழுக்கு எத்தனை தடவை நடந்தாங்கன்னு அவங்களைக் கேளுங்க. இன்னிக்கு இணையத்துல விண்ணப்பிச்சா எண் வருது, நிலவரம் தெரியுது, பணம் நேரா வங்கிக் கணக்குக்கு வருது. இது பெரிய மாற்றம். அதைக் குறை சொல்ல நான் வரலை. அந்த மாற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கணும்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

ஆயிரம் ரூபாயும் சில கேள்விகளும்

நமக்கெல்லாம் தெரிஞ்ச உதாரணம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்னிக்குக் காஞ்சிபுரத்துல தொடங்கின திட்டம். மாசம் 1,000 ரூபாய். 21 வயது நிறைஞ்சிருக்கணும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். நன்செய்னா 5 ஏக்கர், புன்செய்னா 10 ஏக்கருக்கு மேல நிலம் இருக்கக் கூடாது. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல மின்சாரம் செலவழிச்சிருக்கக் கூடாது. கார் மாதிரி நாலு சக்கர வாகனம் இருக்கக் கூடாது. இப்படிச் சில நிபந்தனைகள்.

சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பம் வந்தது. இத்தனையையும் ஒவ்வொண்ணா கையால சரிபார்க்க முடியுமா? அரசுத் துறைகள்கிட்ட ஏற்கனவே இருக்கிற தரவுகளோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. முதல் கட்டத்துல சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானாங்க. மத்தவங்களுக்குக் காரணத்தோட குறுஞ்செய்தி போச்சு. 30 நாளைக்குள்ள இ-சேவை மையம் வழியா வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்னு அறிவிச்சாங்க. ஆம்பூர் பகுதிக்கு அது வாணியம்பாடி கோட்டாட்சியர்.

அப்புறம் என்ன ஆச்சு? மேல்முறையீடுகளை மறுபடி ஆய்வு செஞ்ச பிறகு, 2023 நவம்பர்ல 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் புதுசா சேர்க்கப்பட்டாங்க.

இந்த எண்ணை மனசுல வெச்சுக்கோங்க. முதல் பட்டியல்தான் கடைசிப் பட்டியல்னு எல்லாரும் நம்பியிருந்தா, இந்த 7 லட்சத்து 35 ஆயிரம் பெண்களுக்கும் அந்தப் பணம் போயிருக்காது. கணினி சொன்னது முதல் வார்த்தை. கோட்டாட்சியர் மேஜையில ரெண்டாவது வார்த்தைக்கு இடம் இருந்தது. அந்த இடத்தைத் தேடிப் போனவங்களுக்குப் பலன் கிடைச்சது. குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாம, இல்லைன்னா ‘நமக்குக் கொடுத்து வைக்கலை’ன்னு நினைச்சு வீட்டுலயே இருந்துட்ட தகுதியான அக்காங்களும் இருப்பாங்க. அவங்களை நினைச்சுத்தான் இந்தக் கூட்டம்.

தப்பு எந்த வழியா நுழையுது?

நம்ம ஊர்ல தப்பு மூணு வாசல் வழியா நுழையுது. கை, பேர், வீடு.

கையைப் பத்தி ஏற்கனவே சொல்லிட்டேன். தோல் பதனிடுறவங்க, கொத்து வேலை செய்யறவங்க, பீடி சுத்துறவங்க, வயசானவங்க. இவங்களுக்கு ரேகை தேய்ஞ்சிருக்கும். எந்த விரலால உழைச்சாங்களோ அந்த விரலையே மெஷின் அடையாளம் கண்டுக்க மாட்டேங்குது.

அடுத்தது பேர். நம்ம வழக்கத்துல குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் பலருக்குக் கணவர் இனிஷியல். ஆனா நிறைய படிவத்துல ‘சர்நேம்’னு ஒரு கட்டம் காலியா நிக்கும். ஒரு இடத்துல அதுல அப்பா பேரைப் போடுறோம், இன்னொரு இடத்துல ஊர் பேரைப் போடுறோம், வேற இடத்துல ஒரு புள்ளி மட்டும் வெக்கிறோம். ரேஷன் அட்டையில தமிழ், வங்கியில இங்கிலீஷ். ‘ழ’ வர்ற பேரை இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா ஆளுக்கு ஒரு விதமா எழுதுவோம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டுல உருது பேசுற குடும்பங்கள் நிறைய. முகமதுங்கற ஒரே பேரை இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதறாங்கன்னு உங்களுக்கே தெரியும். பள்ளிச் சான்றிதழ்ல பேகம், ஆதார்ல பீவி, பிஎஃப்ல வெறும் பானு. மனுஷங்களுக்கு இது ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுற மெஷினுக்கு மூணு ஆள். வேற ஒரு பண்பாட்டுப் பழக்கத்தை மனசுல வெச்சு வரைஞ்ச கட்டத்துக்குள்ள நம்ம பேரை மடக்கி வெச்சோம். கட்டம் பத்தாதப்போ பழி நம்ம பேர் மேல விழுது.

மூணாவது வீடு. வரிசை வீட்டுல நாலு குடும்பம் குடியிருக்கும், மீட்டர் ஒண்ணுதான் இருக்கும். அந்த மீட்டர்ல ஓடுற யூனிட்டை ஒரே குடும்பத்தோட செலவுன்னு கணக்கு வெச்சா என்ன ஆகும்? எப்பவோ வித்துட்ட பழைய வேன் பேர் மாத்தாம தாத்தா பேர்லயே கிடந்தா? தனிக்குடித்தனம் போன மகன் இன்னும் அப்பா அட்டையிலயே இருந்தா? ஏட்டுல இருக்கிற குடும்பமும் அடுப்பு எரியுற குடும்பமும் வேற வேறயா இருக்கலாம். கணினிக்கு ஏட்டுல இருக்கிறது மட்டும்தான் தெரியும்.

ரிக்‌ஷாக்காரருக்கு வந்த கார்

இதெல்லாம் சின்னச் சின்னத் தொந்தரவுதானேன்னு தோணலாம். இன்னொரு மாநிலத்துல நடந்ததைப் பாருங்க.

தெலங்கானாவுல ‘சமக்ர வேதிகா’ன்னு ஒரு கணினி அமைப்பு. பல துறைகள்ல இருக்கிற தரவுகளை ஒண்ணா சேர்த்து, பேர், முகவரியெல்லாம் பொருத்திப் பார்த்து, ‘இந்தக் குடும்பத்துக்குக் கார் இருக்கு, இவங்களுக்கு நிலம் இருக்கு’ன்னு சொல்லும். 2014 முதல் 2019 வரைக்கும் அங்க 18 லட்சத்துக்கும் மேல உணவுப் பாதுகாப்பு அட்டைகள் ரத்தாச்சு. ஹைதராபாத்துல ரிக்‌ஷா ஓட்டிப் பிழைச்ச ஒருத்தர் பேர்ல கார் இருக்குன்னு பதிவு காட்டினதால அவர் குடும்பத்துக்கு ரேஷன் கிடைக்கலை. அந்தக் கார் வேற யாரோடதோ. 2024 ஜனவரியில பத்திரிகையாளர்கள் அந்தக் கதையை வெளியே கொண்டுவந்தாங்க.

2022 ஏப்ரல்லயே உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ரத்தான அட்டைகளை நேர்ல போய் மறுபடி சரிபார்க்கணும்னு உத்தரவு போட்டிருந்தது. மறு ஆய்வுக்கு வந்த விண்ணப்பங்கள்ல முதல்ல சுமார் 2 லட்சத்தைப் பரிசீலிச்சதுல, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க தகுதியுள்ளவங்கன்னு தெரிய வந்தது. சதவீதக் கணக்குல இது சின்னதாத் தெரியலாம். ஆனா ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலயும் ஒரு அரிசிப் பானை இருக்கு. நிறைய வருஷம் அது பாதியா வெந்திருக்கு.

பணக்கார நாடுகள்லயும் இது நடந்திருக்கு. நெதர்லாந்துல குழந்தைப் பராமரிப்பு உதவித் தொகையில மோசடியைக் கண்டுபிடிக்க வரித்துறை ஒரு கணினி மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்தினாங்க. டச்சுக் குடியுரிமை இல்லாதது அதுல ஆபத்து அடையாளமா எண்ணப்பட்டது. பல்லாயிரம் பெற்றோர், படிவத்துல செஞ்ச சின்னப் பிழைக்குக் கூட மோசடிக்காரங்கன்னு முத்திரை குத்தப்பட்டு, வாங்கின பணம் முழுசையும் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டாங்க. ஏன்னு கேட்டவங்களுக்கு ஒழுங்கா பதில் கிடைக்கலை. கடைசியில 2021 ஜனவரி 15 அன்னிக்கு அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகிச்சு.

இந்த ரெண்டு இடத்துலயும் ஒரே சங்கதிதான். மெஷின் சந்தேகப்பட்டது. சந்தேகத்தைச் சரிபார்க்க வேண்டிய மனுஷங்க, சந்தேகத்தையே தீர்ப்பா எடுத்துக்கிட்டாங்க. ‘நான் அப்படி இல்லை’ன்னு நிரூபிக்கிற வேலை ஏழைங்க தலையில விழுந்தது.

பழைய கணக்கைப் படிக்கிற மெஷின்

மாணவத் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனிங்க. நான் இதுவரைக்கும் சொன்னது பெரும்பாலும் மனுஷங்க எழுதி வெச்ச விதிகள். இப்போ வர்ற செயற்கை நுண்ணறிவு விதிகளைத் தானே கத்துக்குது. எதைப் பார்த்துக் கத்துக்குது? பழைய பதிவுகளைப் பார்த்து.

அமேசான் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு மென்பொருள் உருவாக்கிப் பார்த்தது. பத்து வருஷமா வந்த விண்ணப்பங்களை அதுக்குப் படிக்கக் கொடுத்தாங்க. அதுல பெரும்பாலானவங்க ஆண்கள். அதனால பெண்கள்னு குறிக்கிற சொல் இருக்கிற விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைச்சது. யாரும் அப்படிச் சொல்லித் தரலை, அதுவே படிச்சுக்கிச்சு. அந்த மென்பொருளைக் கைவிட்டுட்டாங்கன்னு 2018-ல செய்தி வந்தது.

நம்ம ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்க. சாதி, மதம் கேட்காத மென்பொருள்னு சொல்லலாம். ஆனா முகவரி கேட்கும். நம்ம ஊர்கள்ல தெருப் பேரைச் சொன்னாலே யார்னு தெரிஞ்சிடும். தோல் தொழில் செய்யறவங்களை ஒதுக்கி வெச்ச வரலாறு இந்தத் தெருக்கள்ல இன்னும் எழுதியிருக்கு. நேத்து ஒரு தெருவுக்குக் கடன் கொடுக்கலைன்னா, அதைப் படிச்ச மெஷின் நாளைக்கும் அந்தத் தெருவுக்குக் கடன் வேண்டாம்னு சொல்லும். பழைய பாகுபாடு புதுச் சட்டை போட்டுட்டு வரும். அதுக்கு நாம ‘தொழில்நுட்பம்’னு பேர் வெச்சுடக் கூடாது.

பாலாறு சொல்லிக் கொடுத்தது

நிரூபிக்கிற சுமை யாருக்குன்னு முதல்ல கேட்டேன். இதுக்கு ஒரு பதில் இந்த மண்ணுல இருந்தே, நம்ம பாலாத்தங்கரையில இருந்தே, இந்தியாவுக்குப் போயிருக்கு.

டேனரிக் கழிவு பாலாத்துல கலக்குதுன்னு வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. இந்தப் பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாவோ முழுசாவோ பாழாச்சுங்கற ஆய்வு நீதிமன்றத்துக்கு முன்னால வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்குத் தீர்ப்பு. இன்னிக்கும் சட்டக் கல்லூரிகள்ல வேலூர் வழக்குன்னு சொல்லிக் கொடுக்கிறாங்க. அந்தத் தீர்ப்புல முன்னெச்சரிக்கைக் கொள்கைன்னு ஒண்ணை நாட்டோட சட்டத்தின் பகுதின்னு நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. அதோட ஒரு கூறு இதுதான்: ஒரு செயலால கெடுதல் இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு அதைச் செய்யறவருக்கு. கெட்டுப்போன கிணத்துத் தண்ணியைச் சொம்புல எடுத்துட்டு விவசாயி அலைய வேண்டியதில்லை.

தொழில் நமக்குச் சோறு போடுது, ஆறும் நம்மளோடதுதான். தீர்ப்பு வந்த உடனே எல்லாம் சரியாகிடலை. 2025 ஜனவரி 30 அன்னிக்கும் வேலூர் தோல் கழிவு பத்தி உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கொள்கை நிலைச்சு நிக்குது. யார்கிட்ட அதிகாரமும் கருவியும் இருக்கோ, அவங்கதான் கணக்குக் காட்டணும்.

இதை அப்படியே அல்காரிதத்துக்கும் வெச்சுப் பார்க்கலாம்னு நான் நினைக்கிறேன். ஒருத்தரோட அரிசியை, ஓய்வூதியத்தை, உதவித்தொகையை மறுக்கிற முன்னாடி, ‘இந்த மறுப்பு சரி’ன்னு காட்ட வேண்டியது கணினியை வெச்சிருக்கிறவங்க. பெரியப்பா தன் பத்து விரலையும் நீட்டி நிரூபிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசே 2020-ல பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டிருக்கு. பொதுமக்களைப் பாதிக்கிற இப்படிப்பட்ட அமைப்புகளை, வெளிப்படைத்தன்மை இருக்கா, பொறுப்பேற்க ஆள் இருக்கா, பாரபட்சம் இல்லாம நடக்குதா, தரவு இல்லாதவங்களை விட்டுடுதான்னு மதிப்பெண் போட்டுப் பார்க்கணும்னு அது சொல்லுது. ‘டீப்-மேக்ஸ்’ங்கறது அந்த மதிப்பெண் அட்டையோட பேர். மாணவர்கள் அதைத் தேடிப் படிங்க. நல்ல கொள்கை ஏட்டுல இருக்கு. அது கவுன்டர் வரைக்கும் வந்து சேரணும். அதுக்கு நாம கேட்கணும்.

கேட்கிறது எப்படி?

அக்காங்க இதை மட்டும் குறிச்சுக்கோங்க.

1. ‘சிஸ்டம் ஏத்துக்கலை’ங்கறது காரணம் ஆகாது. எந்தத் தரவு, எந்தத் துறையில இருந்து வந்தது, எந்த நிபந்தனையில நிக்குதுன்னு கேளுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி), ஒரு நிர்வாக முடிவால பாதிக்கப்பட்டவருக்கு அதோட காரணத்தைப் பொது அமைப்பு சொல்லணும்னு சொல்லுது. வாயால கேட்டுக் கிடைக்கலைன்னா 10 ரூபாய் கட்டணத்தோட மனு போடுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

2. விரல் ரேகை விழலைங்கற ஒரே காரணத்துக்காக ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது. மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர்லயே இதை மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. கருவிழிப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்க. கடைக்கு நேர்ல வர முடியாத முதியவங்களுக்காக வேறொருத்தரை அங்கீகரிக்கிற வசதியும் இருக்கு. பிரச்சினைன்னா 1967-க்குக் கூப்பிடுங்க.

3. பேரைச் சரிபண்ணிக்கோங்க, அவசரம் வர்றதுக்கு முன்னாடியே. ஆதார், வங்கி, ரேஷன் அட்டை, பிஎஃப், நாலையும் ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல வெச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க. பிஎஃப்-ல 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோட யுஏஎன் எண் வாங்கினவங்க, பேர், பிறந்த தேதியெல்லாம் கம்பெனி கையெழுத்து இல்லாமலே இணையத்துல திருத்திக்கலாம்னு 2025 ஜனவரியில எளிமையாக்கியிருக்காங்க.

4. குறுஞ்செய்தியை அழிக்காதீங்க. அதுல தேதி இருக்கும், விண்ணப்ப எண் இருக்கும், காரணம் இருக்கும். மேல்முறையீட்டுக்கு நாள் எண்ண ஆரம்பிக்கிறது அங்கிருந்துதான். படிக்கத் தெரியலைன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டக் காட்டுங்க. அதுக்கும் மேல போகணும்னா 1100 இருக்கு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துல மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கு.

இ-சேவை மைய அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்கள் பார்க்கிற அரசாங்கத்தோட முகம் நீங்கதான். திரையில வர்ற இங்கிலீஷ் வரியைத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. “சிஸ்டம் ஏத்துக்கலை”ங்கறதுக்குப் பதிலா, “மின்சார வாரியத் தரவுல இவ்வளவு யூனிட் காட்டுது, உங்க வீட்டு மீட்டர் பொதுவா இருந்தா இப்படி மேல்முறையீடு பண்ணலாம்”னு சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷம்தான் கூட ஆகும். ஒரு குடும்பத்துக்கு வருஷம் பன்னிரண்டாயிரம் ரூபாய்.

மாணவர்களே, உங்கள்ல யாராவது ஒருத்தர் நாளைக்கு இந்த மென்பொருளை எழுதப் போறீங்க. ‘சர்நேம்’ கட்டத்தைக் கட்டாயம் ஆக்குறதுக்கு முன்னாடி உங்க அம்மா பேரை அதுல எழுதிப் பாருங்க. ரேகை விழலைன்னா அடுத்து என்ன வழின்னு ஒரு பொத்தான் வைங்க. ‘இல்லை’ன்னு வர்ற திரையிலேயே ‘ஏன்’னு ஒரு வரியும், ‘யார்கிட்டப் போகணும்’னு ஒரு வரியும் இருக்கட்டும்.

எனக்கும் ஒரு பங்கு உண்டு

கடைசியா என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கேள்வி-பதில் பக்கம் எழுதினேன். அதுல ‘தரவு முரண்பாடு காரணமாக விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்’னு ஒரு வரி. நல்ல தமிழ்ல எழுதியிருக்கோம்னு எனக்குள்ள கொஞ்சம் பெருமை. வீட்டுல பெரியம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். பெரியம்மா கேட்டாங்க: “தரவுன்னா என்னம்மா? முரண்பாடு யார் பண்ணது, நாமளா அவங்களா?”

நான் அந்த வரியைத் திருத்தி எழுதினேன். ‘உங்களைப் பற்றி ஓர் அலுவலகத்தில் இருக்கும் விவரமும் நீங்கள் கொடுத்த விவரமும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நிற்கலாம். எந்த விவரம் என்று கேளுங்கள். தவறு அலுவலகப் பதிவிலும் இருக்கலாம்.’ நீளமாத்தான் இருக்கு. ஆனா பெரியம்மாவுக்குப் புரிஞ்சது.

பெரியப்பா விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை நான் கேட்டேன்: “ரேகை விழாதவங்களுக்கு வேற வழி என்ன?” கருவிழிப் பதிவுக் கருவியை உள்ளிருந்து எடுத்துட்டு வந்தாங்க. அரை நிமிஷத்துல முடிஞ்சது. கருவி முதல் நாளும் அங்கதான் இருந்திருக்கு. நாங்க கேட்கலை, அவங்களும் சொல்லலை.

நாளைக்கு உங்க பக்கத்து வீட்டு அக்கா ‘கணினி வேண்டாம்னு சொல்லிடுச்சு’ன்னு திரும்பி வந்தா, அவங்களை உட்கார வெச்சு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்துட்டு இதைச் சொல்லுங்க: “காரணம் கேட்டியா? வா, நானும் வரேன், கேட்போம்.”